உடன் வந்தவள்

தொண்ணூற்றிரண்டு நாட்களாகச் சின்னவள் தன் அப்பா இருக்கும் வீட்டில் தூங்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சட்டம் அப்படி.

சட்டத்தை அவளுக்குச் சொன்னது அக்கா. அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டுப் போய், குடியுரிமையும் வாங்கிவிட்டவள். அங்கே நிலையாகக் குடியேறியவர்கள் இந்தப் பக்கம் தனியாகக் கிடக்கும் அம்மாவையோ அப்பாவையோ தங்களோடு கூட்டிக்கொள்ளலாம். தனியாக என்றால் உண்மையிலேயே தனியாக இருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகிற நாளில், குறைந்தது தொண்ணூறு நாளாவது வேறு ஆள் இல்லாத வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும்.

"நீ ஒரே வீட்ல இருந்துக்கிட்டு வேளாவேளைக்குச் சாப்பாடு போடுவே. அப்பா தனியா இருக்காருன்னு சொன்னா எவன்டி நம்புவான்?" என்றாள் அக்கா போனில்.

"நான் பின்கட்டு ரூம்ல தனியா சமைச்சுக்கிறேன்கா. ரெண்டு அடுப்பு வெச்சுட்டா..."

"உன் மூளையை எடுத்து உங்க தண்ணி ஆபீஸ் பாட்டில்ல போட்டு மூடி வை."

சின்னவளுக்குப் பேச்சு வருவதே கொஞ்சம்தான். அக்காவிடம் அந்தக் கொஞ்சமும் வராது.

அம்மா போன பிறகும் அப்பாவும் அவளுமாக விடாமல் இருந்த வாடகை வீட்டை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலி செய்தார்கள். அப்பாவுக்கு ஊரின் மறுகோடியில், ஒரு தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. "முகம் தெரியாத இடமா பாரு. பழைய தெருவுல இருந்தா விசாரிக்க வர்றவங்ககிட்ட ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி வைப்பாங்க" என்று அதையும் அக்காதான் சொல்லியிருந்தாள். கட்டிலின் கால்மாட்டுப் பக்கத்தைச் சின்னவள் தூக்கிக்கொண்டு போனாள். தையல்காரர் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்து, "பெரியவர் மட்டும்தானா?" என்றார். "நான் மட்டும்தான்" என்றார் அப்பா. கட்டிலின் மறுமுனையைப் பிடித்திருந்தவளைப் பற்றி அவர் கேட்கவில்லை. வண்டியோடு வந்த ஆள் என்று நினைத்திருக்கலாம்.

அவள் பெண்கள் விடுதிக்குப் போனாள். அறையில் கூட இருந்தது பஸ் கண்டக்டர் வேலை பார்க்கும் ஒரு அம்மாள். கண்டக்டரக்கா என்றுதான் விடுதி முழுக்கக் கூப்பிட்டது. நாளெல்லாம் கூட்டத்தில் கத்திய தொண்டையை அவள் அறைக்குள் வந்தும் குறைக்க மாட்டாள்.

"அப்பா உயிரோட, உள்ளூர்ல, நல்ல மனுஷனா இருக்கார்ங்கிறே. நீ எதுக்கு இங்க வந்து இந்தத் தண்ணிக் குழம்பைக் குடிக்கிறே?" என்றாள் முதல் நாளே.

சின்னவள் விதியை விளக்கினாள்.

"அப்பா போயிடுவார். சரி. உன் கதை?"

"அவர் அங்க போய்ச் சேர்ந்தப்புறம் என்னைக் கூப்பிட்டுக்கலாம்."

"அக்காவே கூப்பிடக் கூடாதா?"

"கூடப் பொறந்தவங்களைக் கூப்பிட அங்க சட்டத்துல இடமில்ல. பெத்தவங்கதான் கூப்பிடணும். கல்யாணம் ஆகாத பிள்ளையா இருக்கணும், முப்பது வயசு ஆயிருக்கக் கூடாது."

"உனக்கு?"

"இருபத்தெட்டு முடிஞ்சாச்சு."

"அப்போ வண்டி கிளம்புற நேரம். ஓடிப் புடிச்சு ஏறு" என்று சொல்லிக் கண்டக்டரக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இந்த இரண்டாம் படியைச் சின்னவள் எழுத்து எழுத்தாகப் படித்திருந்தாள். அப்பாவைக் கூப்பிடும் முதல் படி அக்காவுடையது. அதை அவள் படிக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலும் அவள் அப்படித்தான். பக்கத்து மேஜைக்காரர் வைத்த சோதனையைப் போய்ப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு வேலை ஊர்க் குடிநீரைச் சோதிப்பது. காலையில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைச் சிறு குப்பியில் பிடித்து ஒரு மாத்திரையைப் போடுவாள். தண்ணீர் ரோஜா நிறமாக மாறும். மாறாவிட்டால் அந்தத் தெருவுக்குக் குளோரின் போய்ச் சேரவில்லை என்று பொருள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே வேலைக்கு ஆள் தட்டுப்பாடு என்று அக்கா சொல்லியிருந்தாள். பெரிய கூடம், தனி நுண்ணோக்கி, நாள் முழுக்கப் பெட்டி தூக்க வேண்டாம். அந்த நுண்ணோக்கியை அவள் மனசுக்குள் பலமுறை துடைத்து வைத்திருந்தாள்.

அதற்காக அவள் விட்டது வீட்டை மட்டுமில்லை. மீட்டர் பிரிவில் ஒருவர் இருந்தார். போன வருடம் மாதிரிக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டி முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல், "எங்க வீட்ல வந்து பேசலாமா?" என்று கேட்டார். அவளுக்கும் பிடித்திருந்தது. அக்காவிடம் சொன்னாள். "கல்யாணம் பண்ணிட்டா வர முடியாதுடி. அப்புறம் என்கிட்ட அழாதே" என்றாள் அக்கா. அவள் அவரிடம் இரண்டு வருடம் பொறுக்கச் சொன்னாள். காரணத்தையும் சொன்னாள். அவர் எட்டு மாதம் பொறுத்தார். பிறகு எல்லார் மேஜையிலும் பத்திரிகை வைத்தார், அவள் மேஜையிலும்.

அப்பாவின் புதுத் தெருவில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. அது அவள் சுற்றில் வரும் குழாய். செவ்வாய்க்கிழமைகளில் அவள் அங்கே குப்பியோடு குனிவாள். அப்பா வெறும் கையோடு வந்து, தன் வலது பக்கம் அவளிடம் இருக்கும்படி நிற்பார். அக்கம்பக்கத்துக்கு அவள் தண்ணி ஆபீஸ் பொண்ணு. தனியாக இருக்கும் பெரியவர் பேச்சுத்துணைக்கு வந்து நிற்கிறார், அவ்வளவுதான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சு. தண்ணி எப்படி?"

"தண்ணிக்கு என்ன, நல்லா இருக்கு. நீ எப்படி இருக்கே?"

"நான் கலர் மாறல" என்பார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். அடக்கிக்கொள்வார்கள். தெருவே பார்க்கிறதே.

ஒருநாள் அவர் அவளுக்கு வாழைப்பழம் ஒன்றைக் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "பாவம், மனுஷர் யாருக்காவது குடுக்கணும்னு தவிக்கிறார்" என்றாள். அவள் பழத்தை அங்கேயே நின்று தின்றாள்.

நேர்காணலுக்குத் தேதி வந்ததும் அக்காவின் போன் நிற்கவே இல்லை. "நீ அவர்கிட்ட உடம்பு, வீடு, சாப்பாடு, இதை மட்டும் கேட்டுப் பழக்கு. குடும்ப விஷயத்தை நான் அப்பாகிட்ட பேசிக்கிறேன். ரெண்டு பேரு சொன்னா குழம்பிடுவார்." பிறகு, "அன்னிக்கு நீ வாசல் வரைக்கும் போ. உள்ள போகாதே. தனியா இருக்கிற மனுஷனுக்குத் துணை எதுக்குன்னு கேட்டா என்ன சொல்லுவே?" எல்லாம் நியாயமாகத்தான் பட்டது.

நேர்காணல் நாள் காலையில் கண்டக்டரக்கா தன் பஸ்ஸில் முன்சீட்டைப் பிடித்து வைத்திருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், சீவிய தலையோடு, மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர் போல ஏறினார்.

"என்ன பெரியப்பா, அந்தப் பக்கம் போனா எங்களையெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்றாள் கண்டக்டரக்கா.

அப்பா பதில் சொல்லாமல் சிரித்தார்.

"பாருடி, இப்பவே வெளிநாட்டுக்காரர் ஆயிட்டார்."

பஸ் கிளம்பியது. அப்பா அவள் பக்கம் சாய்ந்து, "பேரன் ரொம்பச் சுட்டியாம். பெருசு சொல்றா, ஒரு இடத்துல நிக்க மாட்டானாம்" என்றார். பெருசு என்றால் அக்கா. இவள் சின்னது. வீட்டில் அவர் பிள்ளைகளை வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"அந்த ரூம்ல ஓதம் ஏறுதும்மா. மூட்டெல்லாம் இறுகிப் போகுது. அங்க போனா வெயில் வர்ற ஜன்னலாம்." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "போனதும் முதல் வேலையா உன் பேரைக் குடுத்துடுறேன். நீ வந்துட்டா எனக்கு வேற என்ன வேணும்?"

அவள் அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்து ஜன்னல் வழியே விட்டாள்.

அந்தப் பக்கத்து அரசாங்கத்தின் குடியேற்ற அலுவலகம் ஒரு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. வெளித் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு யாரோ பெயின்ட் டப்பாவை வைத்திருந்தார்கள். டோக்கன் எண்ணைக் காட்டும் பலகையில் முதல் இலக்கம் மட்டும் எரியவில்லை. அதனால் காவல்காரர் ஒருவர் பலகைக்குக் கீழே நின்று எண்ணைக் கத்திக்கொண்டிருந்தார். "பலகையை நம்பாதீங்க, என்னை நம்புங்க!"

அப்பாவின் எண்ணைக் கத்தியபோது அப்பா அசையவில்லை. அவள் தட்டினாள். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

போன் அடித்தது.

"போயிட்டாரா?"

"இப்பத்தான்கா."

"நீ வெளியதானே இருக்கே?"

"ஆமா."

"அங்கேயே இரு. எழுந்துக்காதே."

வைத்த சூட்டிலேயே மறுபடி அடித்தது. "வந்துட்டாரா?" "இல்லக்கா." "நீ எங்க இருக்கே?" "அதே நாற்காலிக்கா." "சரி சரி." அப்பாவைவிடத் தன் நாற்காலியைப் பற்றித்தான் அக்கா அதிகம் கேட்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. பதற்றம் போல.

கண்ணாடிக் கதவு திறந்தது. காவல்காரர், "பாய்லர் பெரியவர்கூட யார் வந்தது?" என்றார்.

அப்பா ஆலையில் கொதிகலன் அறையில் முப்பது வருடம் நின்றவர். இரைச்சல் தின்றது போக இடது காதில் ஒன்றும் மிச்சமில்லை. வலது காதில் கொஞ்சம் உண்டு, போனை ஒட்ட வைத்துக்கொண்டால் கேட்கிற அளவு. அதில் ஒரு சின்னக் கருவி மாட்டியிருக்கும். சின்னவள் எழுந்தாள். உட்காரச் சொன்ன அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். ஆனால் கதவு அவளுக்காகத் திறந்தபடி நின்றது.

உள்ளே சிறிய அறை. மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு அதிகாரி அம்மாள். மேஜையில் ஒலிப்பதிவுக் கருவி, சிவப்பு விளக்கு எரிய. அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் பொறந்த தேதி கேக்குறேன், இவர் பாய்லர் பிரஷரைச் சொல்றார்" என்றாள் அதிகாரி. கோபம் இல்லை, டீ ஆறுகிறதே என்ற வருத்தம் மட்டும். "காதுல மிஷின் இருக்கு. வேலை செய்யலையா?"

சின்னவள் குனிந்து பார்த்தாள். காதில் கருவி இருந்தது, உயிர்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் பேட்டரியை மாற்றுவது அவள் வேலை. உளுந்தளவு இருக்கும், அவர் விரலுக்கு அகப்படாது. விடுதிக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது. குழாயடியில் அவள் எப்போதும் அவர் வலது காதுப் பக்கமாக, மெதுவாக, முகம் பார்த்தே பேசிப் பழகியவள். அதனால் தெரியாமலே போயிற்று.

"எப்போ தீந்துச்சு?" என்று அவர் காதருகே கேட்டாள்.

"அது... நீ..." அவர் நிறுத்தினார். அதிகாரியைப் பார்த்தார். "ஆச்சுங்கம்மா, மூணு மாசம். நீங்க எதுக்குச் சிரமப்படுறீங்க?"

நீங்க.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. கோபத்தில்கூட இல்லை.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்றாள் அதிகாரி.

சின்னவள் வாயைத் திறந்தாள். இந்தக் கேள்விக்கென்றே காத்திருந்தவர் போல, அதிகாரியின் உதட்டைப் பார்த்தே அதைப் பிடித்துவிட்ட அப்பா முந்திக்கொண்டார். "தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்குறவங்கம்மா. எங்க தெருவுக்கு வருவாங்க. தனி ஆளாச்சேன்னு இரக்கப்பட்டு வழிக்குத் துணையா வந்தாங்க. நல்ல பொண்ணு."

அறை குளிர்ந்திருந்தது. சின்னவள் யோசித்தாள். தனியாக வாழ வேண்டும் என்பது விதி. பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்று பயப்படுகிறார். அக்கா சொல்லிக் கொடுத்திருப்பாள். வெளியே போய் இதைச் சொல்லிச் சிரிக்கலாம். தலையை ஆட்டி வைத்தாள்.

"உறவு இல்லாதவங்களா இருந்தா எனக்கு வசதி" என்றாள் அதிகாரி. "உறவுக்காரங்க பதிலையும் சேர்த்துச் சொல்லிடுவாங்க. இங்க வாங்க. நான் கேக்குறதை அப்படியே அவர் காதுல சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. பதில் அவர் வாயிலிருந்து வரணும். சரியா?"

"சரிங்க."

அவள் அவர் வலது பக்கம் போய்க் குனிந்தாள். அவர் தலையில் அவர் வழக்கமாகப் போடும் எண்ணெயின் வாசனை.

கேள்விகள் வந்தன. பிறந்த தேதி. ஆலையில் எத்தனை வருடம். மனைவி எப்போது இறந்தார். சமைப்பது யார்? "நானேதான்." காய்ச்சல் வந்தால்? "போர்த்திட்டுப் படுத்துக்குவேன்." போன மழைக்காலத்தில் அவருக்கு வந்த காய்ச்சலில் இரண்டு நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த கேள்விக்காக நிமிர்ந்தாள். இதெல்லாம் அவளே பழக்கிய பதில்கள்தான். போர்த்திக்கொள்வது மட்டும் அவர் சேர்த்தது. நன்றாகத்தான் இருந்தது.

அதிகாரி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, குரலை மாற்றாமல் கேட்டாள். "மொத்தம் எத்தனை பிள்ளைங்க? எங்க இருந்தாலும் சரி, எல்லாரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க."

சின்னவள் குனிந்தாள். "மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு கேக்குறாங்க. எங்க இருந்தாலும், எல்லாரையும் சேர்த்து."

"ஒண்ணு" என்றார் அப்பா.

சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது. அவள் இன்னும் கிட்டே போனாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "உங்களுக்கு. எத்தனை. பிள்ளைங்க?"

"ஒண்ணுதாங்கம்மா. ஒரே பொண்ணு. அந்தப் பக்கம் இருக்கா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. முதல் தடவையே கேட்டிருக்கிறது.

"இந்தப் பக்கம் வேற பிள்ளை யாரும் கிடையாது?"

அவள் அதையும் சொன்னாள். தன் குரல் வேறு எங்கிருந்தோ வருவது போல இருந்தது.

"கிடையாது."

அதிகாரி தட்டச்சு செய்துகொண்டே, துணைக்கு வந்த நல்ல பொண்ணிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். "இதுதான் எங்களுக்கு முக்கியம். தனியா இருக்கிறது அப்புறம். இந்தப் பக்கம் பார்த்துக்க இன்னொரு பிள்ளை இருந்தா அங்க குடியேற விட மாட்டாங்க. அவங்களே பார்த்துக்கட்டும்னு திருப்பிடுவாங்க. எத்தனையோ பேர் இதுலதான் மாட்டிக்கிறது."

அப்படியானால் முதல் படி அதுதான். இத்தனை நாள் அவள் படிக்காமல் விட்ட படி. அக்கா சொன்ன ஒவ்வொன்றும் இப்போது வரிசையில் வந்து நின்றது. முகம் தெரியாத இடமாகப் பார்க்கச் சொன்னது, குடும்ப விஷயத்தை நான் பேசிக்கிறேன் என்றது, அந்த நாற்காலி. அவள்தான் தூக்கிப்போய்ப் போட்டாள் அந்தக் கட்டிலை.

பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"கடைசியா ஒண்ணு. இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க, சட்டப்படி அவருக்குப் புரிஞ்சாகணும்" என்றாள் அதிகாரி. "இன்னிக்கு இங்க சொல்ற குடும்பம்தான் குடும்பம். இன்னிக்குச் சொல்லாத பிள்ளையைப் பின்னாடி ஒருநாளும் சேர்க்க முடியாது, கூப்பிட முடியாது. தப்பாச் சொல்லிட்டேன், மறந்துட்டேன்னு வந்தா இவரோட அனுமதியே ரத்தாகும். புரியுதான்னு கேளுங்க."

சின்னவள் உடனே குனியவில்லை. அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்கலாம். அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று அக்கா அவரையும் ஏமாற்றியிருக்கலாம். அந்த ஒரு இழையைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்தாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இன்னிக்குச் சொல்ற குடும்பம்தான் குடும்பம். சொல்லாத பிள்ளையைப் பின்னாடி ஒருநாளும் சேர்க்க முடியாது. கூப்பிட முடியாது. உங்களுக்குப் புரியுதான்னு கேக்குறாங்க."

அவர் முகத்தில் ஆச்சரியம் வருமா என்று பார்த்தாள். மூச்சுக்கூடக் காட்டாமல் பார்த்தாள், குப்பியில் நிறம் மாறக் காத்திருப்பது போல.

மாறவில்லை.

"தெரியும்" என்றார் அப்பா. "பெருசு... என் பொண்ணு சொல்லியிருக்கா. எல்லாம் விவரமாச் சொல்லியிருக்கா."

அப்போது பஸ்ஸில் அவர் சொன்னது? போனதும் முதல் வேலையா உன் பேரைக் குடுத்துடுறேன். காலையில்தானே சொன்னார். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சது" என்றாள் அதிகாரி. முகம் லேசானது. "பெரியவருக்குத் தடங்கல் ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும் இந்த மைக் பக்கம் வந்து, கேள்வியை மாத்தாமச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இவருக்கு என்ன உறவுங்கிறதையும் சொல்லணும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க போதும்."

சின்னவள் நிமிர்ந்தாள். மேஜை அருகே போனாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இல்லை என்று சொன்னால் போதும். இரண்டு எழுத்தா, மூன்றா, எவ்வளவு சின்னச் சொல். அது வாயில் இருந்தது. வெளியே வரவில்லை.

அப்பா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். நாற்காலி கிரீச்சிட்டது. அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ரகசியம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, காது கேளாதவர்களுக்கே உரிய முழுக் குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி அவர் சொன்னார்:

"சின்னது, விட்டுடும்மா. அக்கா ஏதாவது வழி பண்ணுவா."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

அதிகாரி தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பிடித்த கையைப் பார்த்தாள். பிறகு சின்னவளை.

"அக்காவா?" என்றாள். "யாரோட அக்கா?"

அப்பாவுக்கு அது கேட்கவில்லை. தான் மெதுவாகப் பேசியதாகவே நினைத்து, அதிகாரியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

தப்பிக்க இன்னும் வழி இருந்தது. சின்னவளுக்கு அது தெரிந்தே இருந்தது. வயதானவர், எல்லாரையும் உறவு சொல்லித்தான் பேசுவார். தன் மகளைத்தான் எனக்கு அக்கா என்கிறார். இப்படி ஒரு வரி. அதிகாரி நம்புவாள், நம்பத் தயாராகத்தான் காத்திருந்தாள். அவர் அந்த வெயில் வரும் ஜன்னலுக்குப் போய்விடுவார். இவள் செவ்வாய்க்கிழமை அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பாள். யாரும் வந்து வலது பக்கத்தைக் காட்டி நிற்க மாட்டார்கள். முப்பது வயது வரும், போகும்.

பையில் போன் விடாமல் அதிர்ந்தது.

"கேளுங்க அவரை" என்றாள் அதிகாரி. "யாரோட அக்கான்னு கேளுங்க."

சின்னவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அவர் வலது பக்கம் வந்தாள். குனிந்தாள். அந்தக் காதுக்கும் அந்தச் சிவப்பு விளக்குக்கும் ஒருசேரக் கேட்கும்படி, தன் வாழ்நாளில் அதுவரை பேசாத உரத்த குரலில் சொன்னாள்:

"என்னோட அக்கா. நான் உன்னோட ரெண்டாவது பொண்ணு."